பதினான்காம் பெட்டி

மார்ச் 3

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அக்கா வேலை பார்த்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் நான் தொட்டி கழுவுகிறேன். ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளிவந்து தொட்டியில் போடுவதும், அதில் வளர்கிற வண்டுகளை எண்ணுவதும் என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினைந்து வயதில் இங்கே சேர்ந்தேன். இரண்டு வருடமாக மேடத்திடம்தான் இருந்தேன்.

மேடம் இறந்த செய்தியை ஆபீஸில் உங்களுக்கு உடனே தெரிவித்துவிட்டார்களாம். நீங்கள் வரவில்லை. ஏன் என்று கேட்க இதை எழுதவில்லை. மேடம் தங்கியிருந்த அறையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பொருள்களை என்ன செய்வது என்று உங்களிடம் கேட்டு எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

இரண்டு பெட்டி நிறையத் துணி, மூன்று மூக்குக்கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி, நாற்பத்திரண்டு நோட்டுப் புத்தகம், ஒரு குடை, பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். பூட்ஸ் என் காலுக்குச் சரியாக இருக்கிறது. உங்களைக் கேட்காமல் போட்டுக்கொள்ள மாட்டேன்.

மேடம் என்னை வாயில்லாப்பூச்சி என்றுதான் கூப்பிடுவார். "வாயில்லாத பூச்சி நிஜமாவே இருக்கு, தெரியுமா? ஒரு நாள்தான் உயிரோட இருக்கும். நீ எப்படி பதினஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சே?" என்பார். நேரில் எனக்குப் பேச வராது. அதனால்தான் கடிதம் நீண்டுவிட்டது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தொட்டி கழுவும் பெண்


மார்ச் 11

தொட்டிப் பெண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. என்னிடம் இருக்கிற நல்ல வார்த்தை அவ்வளவுதான்.

எனக்கு எதுவும் வேண்டாம். துணியை யாருக்காவது கொடு. பூட்ஸை நீ போட்டுக்கொள். நோட்டுப் புத்தகங்களை ஆபீஸிலேயே கொடுத்துவிடு. எங்கள் வீட்டில் அதையெல்லாம் புரட்டிப் பார்க்க ஆள் இல்லை. நான் சட்டை தைக்கிறவள். எனக்குத் தெரிந்த பூச்சி துணியை அரிக்கிற பூச்சி ஒன்றுதான்.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காதவளிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. போன ஆகஸ்டில் எங்கள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். "பெரியவ வந்துட்டாளா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டாள். நான் ஃபோனில் கூப்பிட்டேன். உங்கள் மேடம் என்ன சொன்னாள் தெரியுமா? "பெட்டியில வண்டு இருக்குடி. பதிமூணு நாள் நான் நகர முடியாது. முடிஞ்ச அன்னிக்கே கிளம்பிடறேன்." பெட்டியில் வண்டு! பெற்றவள் அதற்குள் கண்ணை மூடிவிட்டாள். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நான் ஒரே வரியில் கடிதம் போட்டேன்: "இனி நீ வர வேண்டாம்." அவளும் வரவில்லை. சொன்ன பேச்சை அவள் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்த வண்டுகள் என்ன ஆயின? அந்த ஏரி சுத்தமாகிவிட்டதா?

தையல்காரி


மார்ச் 16

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

ஏரி சுத்தமாகவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது, பச்சையாக ஒரு மைதானம் மாதிரி இருக்கும். படகு ஓடி மூன்று வருடம் ஆகிறது. எதிர்க்கரைக்குப் போகிறவர்கள் ஒன்பது மைல் பஸ்ஸில் சுற்றிப் போகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு விவரமாகவே எழுதுகிறேன். ஆகாயத்தாமரை எங்கிருந்தோ வந்த செடி. இங்கே அதைத் தின்ன எதுவும் இல்லை. அதனால்தான் இப்படிப் பெருகுகிறது. அது பிறந்த நாட்டில் அதைத் தின்கிற ஒரு கூன்வண்டு இருக்கிறது. நெல்மணி அளவுதான் இருக்கும். மேடம் அதை வரவழைத்து ஏழு வருடம் தொட்டியில் வளர்த்தார். ஆனால் வண்டை ஏரியில் விட வேண்டுமானால் அரசாங்கக் குழு அனுமதி தர வேண்டும். இந்த வண்டு வேறு பயிர் எதையும் தொடாது, பட்டினியாகச் செத்தாலும் தொடாது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அதற்குத்தான் அந்தப் பதிமூன்று நாள். இருபது பெட்டி, இருபது பயிர். ஒவ்வொன்றிலும் பத்து வண்டு. தினமும் காலையில் மேடம் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மாறக் கூடாது என்பது விதி.

பத்தொன்பது பெட்டியில் எல்லா வண்டும் செத்துவிட்டன. பதினான்காம் பெட்டியில் இருந்தது சேம்பு இலை. அதில் எட்டு வண்டு உயிரோடு இருந்தன.

சேம்பு இலையில் நாலைந்து கீறல்தான் இருந்தது. மேடம் பூதக்கண்ணாடியை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இவ்வளவு கொஞ்சமா தின்னுட்டு எப்படிப் பிழைச்சுது?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அவரே, "நமக்குப் புரியலைங்கறதுக்காக எண்ணிக்கையை மாத்த முடியுமா?" என்றார். எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு அனுப்பினார். அனுமதி கிடைக்கவில்லை. இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று மேடம் கேட்டார். காரணம் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அவரிடம் காரணம் இல்லை.

மீதி வண்டுகள் ஒரே ஒரு தொட்டியில் இருக்கின்றன. அடுத்த மாதக் கடைசியில் வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிடுவார்கள்.

பூட்ஸுக்கு நன்றி.

தொட்டி கழுவும் பெண்


மார்ச் 22

தொட்டிப் பெண்ணுக்கு,

அப்படியானால் ஒன்றுமில்லை. பத்து வண்டில் எட்டு, அதற்காக ஒரு அம்மா. நல்ல கணக்கு.

உனக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உன் முகம்கூட எனக்குத் தெரியாது. அதுதான் காரணமோ என்னவோ.

அம்மாவின் கடைசி நாட்களில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் அடிக்கும். முதலில் எடுத்தேன். "எப்படி இருக்காங்க?" என்பாள். "நீயே வந்து பாரு" என்பேன். அப்புறம் நான் வைத்துவிடுவேன். கடைசி நாலு நாள் நான் எடுக்கவே இல்லை. அடித்து ஓயும், மறுபடி அடிக்கும். அம்மா கண்ணைத் திறந்து, "யாருடி?" என்று கேட்டாள். "ராங் நம்பர்மா" என்று சொன்னேன். நாலு நாளும் அதையே சொன்னேன்.

ஏழு மாதமாக அந்த வார்த்தை என்னை அரித்துக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்த பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. வேலைக்கு ஆகாத ஒன்றுக்காகத்தானே எங்களை விட்டாள்? அப்படிப்பட்டவளுடைய ஃபோனை எடுக்காதது பெரிய பாவம் இல்லை. நீயும் அதை ஒப்புக்கொள்வாய்.

இத்தோடு நம் கடிதப் போக்குவரத்து போதும். நன்றாக இரு.

தையல்காரி


மார்ச் 27

அம்மா,

போதும் என்று எழுதிவிட்டீர்கள். இருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருக்காவிட்டால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நிம்மதி தப்பு. நான்தான் அதை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினான்காம் பெட்டியின் எட்டு வண்டும் சேம்பைத் தின்று பிழைக்கவில்லை. நான் தீனி போட்டேன்.

பெட்டிகளின் மூடியில் மெல்லிய துணி ஒட்டியிருக்கும். பதினான்காம் பெட்டியில் மட்டும் ஒரு மூலை விட்டிருந்தது. சோதனை தொடங்கிய மறுநாள் மேடம் அதை ஒட்டச் சொன்னார். ஒட்டப் போனபோது உள்ளே பார்த்தேன். ஒரு வண்டு இலையின் ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. நின்று, வாயை வைத்துப் பார்க்கும். எடுத்துவிட்டு மறுபடி சுற்றும். பசியோடு இருக்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எனக்குத் தெரியவில்லை. தொட்டியிலிருந்து ஆகாயத்தாமரை இலையை விரல் நகம் அளவுக்குக் கிள்ளி உள்ளே போட்டேன். அவை இருட்டில்தான் தின்னும். திட்டுவாரோ என்று காலையில் மேடம் வருவதற்கு முன்னால் மிச்சத்தை எடுத்துவிட்டேன். அப்புறம் தினமும் அதையே செய்தேன். துணியை ஒட்டவே இல்லை.

அது என்ன சோதனை என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. சாகிறதா என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது கடைசி நாளில்தான் புரிந்தது. மேடம் பூதக்கண்ணாடியோடு "எப்படிப் பிழைச்சுது?" என்று கேட்டபோது வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார். "டீ ஆறிடுச்சு மேடம்" என்றேன்.

குழு கேட்ட காரணம் என் வாய்க்குள் இருந்தது. ஆறு மாதம் அவர் பக்கத்திலேயே நின்று தொட்டி கழுவினேன். சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதுகிறேன். நான் இலை போட்டது சாயங்காலம் ஆறு மணிக்கு. மேடம் முற்றத்தைத் தாண்டி ஆபீஸுக்கு ஃபோன் பேசப் போகும் நேரம் அதுதான். முதலில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். கடைசி நாலு நாள் திரும்பிவர ரொம்ப நேரம் ஆனது. "யாரும் எடுக்கல. எல்லாரும் ஆஸ்பத்திரியில இருப்பாங்க போல" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எடுக்கவில்லை என்று அவர் நினைக்கவே இல்லை.

என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.


ஏப்ரல் 9

உன் கடிதத்தைக் கிழித்தேன். சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டினேன். நாலு நாள் கடை திறக்கவில்லை. திறந்த அன்று ஒருத்தர் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். "எனக்கு இடக்கைப் பழக்கம்தான், அதுக்காக இப்படியா?" என்று அவர் கேட்டார். முப்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. வரிசையில் நீ இரண்டாவதுதான். காத்திரு.

சின்ன வயதில் அவள் என் காலடியில் குனிந்து, "பார்த்து நட, எறும்பு போகுது" என்பாள். நான் வேண்டுமென்றே மிதிப்பேன். அவள் ஒரு அடி கொடுப்பாள், நான் அம்மாவிடம் ஓடுவேன். அம்மா, "நீங்க ரெண்டு பேரும் எறும்பு பாஷையிலயே சண்டை போடுங்க, எனக்குக் கேக்காம இருக்கும்" என்பாள். எறும்பை மிதிக்க விடாத அவள்தான் எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தனக்கு எதிராக. ஒரு சைபர் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

அவர்கள் கேட்ட காரணம் அவளிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடு. வெந்நீர் ஊற்றுவதற்கு முன்னால் கொடு. பேச வராவிட்டால் எழுது. எழுதத்தான் உனக்கு நன்றாக வருகிறதே.

தையல்காரி


ஏப்ரல் 20

அம்மா,

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். டைரக்டர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். மதியம் கூப்பிட்டனுப்பினார்.

"இத யார் எழுதிக் குடுத்தா?"

"நான்தான் சார்."

"உள்ள இருக்கற விஷயம்?"

"அதுவும் நான்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தம்மா என் ரூமுக்கு எத்தன தடவ வந்துச்சு தெரியுமா? இந்த நாற்காலிலதான் உக்காந்துச்சு. நீ டீ கொண்டுவந்து வெச்ச. ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

"கேக்கலயா!" என்று கத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும்தான் கேக்கல," என்றார்.

குழுவுக்கு அன்றே எழுதினார். சேம்பை மட்டும் மறுபடி சோதிக்க அனுமதி வந்துவிட்டது. மூன்று பெட்டி, முப்பது வண்டு. பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து தினமும் காலையில் உடைப்பார், எண்ணி முடித்ததும் மறுபடி வைப்பார். ஆனால் எண்ணுவது நானாகத்தான் இருக்க வேண்டும். இந்த வண்டைத் தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். தெரியாதவர்கள் செத்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். நடிக்கிறது கொஞ்ச நேரத்தில் காலை நீட்டும். மேடத்துக்குப் பிறகு இது எனக்குத்தான் தெரியும்.

சோதனை முடிந்ததும் எனக்கு இங்கே வேலை இல்லை. அது நியாயம்தான். எங்கள் வீட்டில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 2 அன்று தொடங்குகிறது. என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அவை சாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மேடம் சொன்னது சரி என்று ஆகும். அவற்றுக்கு நான்தான் இரண்டு வருடம் தீனி போட்டேன்.


ஏப்ரல் 26

வாயில்லாப்பூச்சிக்கு,

இலை போடாதே. முத்திரை இருந்தாலும் உனக்கு ஒரு வழி தோன்றும், உன் மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். அழுகை வந்தால் அழு. இலை மட்டும் போடாதே.

ஆறு மணிக்குத்தான் உனக்குக் கை பரபரக்கும். அந்த நேரத்தில் ஆபீஸுக்குப் போய் எனக்கு ஃபோன் பண்ணு. நம்பர் அவர்களிடம் இருக்கும், கேட்டு வாங்கு. நீ ஒன்றும் பேச வேண்டாம். எண்ணிக்கையைச் சொன்னால் போதும். நான் எடுக்கிறேன்.

தையல்காரி


மே 16

அம்மா,

ஃபோனில் எண்ணை மட்டும்தான் சொன்னேன். முப்பது, முப்பது, இருபத்தொன்பது என்று. நீங்கள் "ம்" என்றீர்கள். ஒரு நாள் "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள், நான் வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

முதல் ஐந்து நாளில் ஒன்றே ஒன்றுதான் செத்தது. ஏழாம் நாளிலிருந்து வேகமாகச் செத்தன. சேம்பு இலை வாடாமல் இருக்கத் தினமும் புதிதாக நான்தான் வைத்தேன். பச்சை இலையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு செத்தன. ஒரு கடி, இரண்டு கடி கடித்துப் பார்த்திருந்தன. அதற்கு மேல் இல்லை. அந்த அதிகாரி ஒன்பதாம் நாள், "அடடா, இவ்ளோ பிடிவாதமா? எங்க வீட்டு மாமனார் மாதிரி இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

பதினோராம் நாள் நாலு இருந்தன. பன்னிரண்டாம் நாள் ஒன்று. அன்று ஆறு மணிக்கு "ஒண்ணு" என்று சொன்னேன். இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டே நின்றோம். உங்கள் பக்கம் ஒரு குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மேடமும் அந்த ஃபோன் பக்கத்திலேயேதான் நின்றிருப்பார். தரை சிமெண்ட் அந்த ஒரு இடத்தில் வழவழவென்று இருக்கிறது.

பதிமூன்றாம் நாள் காலையில் அந்தக் கடைசி வண்டைக் கையில் எடுத்தேன். கால் மடங்கியிருந்தது. மூச்சு விட்டேன். அசையவில்லை. "எழுதலாமா?" என்று அதிகாரி கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். பத்து நிமிடம் போதும், நான் இருபது நிமிடம் வைத்திருந்தேன். ஒரு காலாவது நீட்டாதா என்றும் இருந்தது. நீட்டிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"சைபர்," என்றேன். அவர் எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதே பதிவேட்டில், மேடத்தின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

மேடம் சொன்னது சரி. அதைச் சொல்ல அவர் இல்லை.

எனக்கு வேலை நேற்றோடு முடிந்தது.


ஜூலை 2

அம்மா,

அனுமதி வந்துவிட்டது. டைரக்டர் ஆள் அனுப்பிச் சொன்னார். நான் இப்போது ஒரு சலவைக் கடையில் மடிக்கும் வேலை பார்க்கிறேன். அங்கேயும் பேச வேண்டியதில்லை.

ஜூலை 12 ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் வண்டுகளை விடுகிறார்கள். நானூறு இருக்கின்றன. ஏரி தெளிய மூன்று வருடமாவது ஆகுமாம், அன்றைக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. வாளியைக் கவிழ்ப்பார்கள், அவை இலைக்கு அடியில் போய்விடும். அவ்வளவுதான். யாராவது பேசுவார்கள். மேடத்தின் பெயரைச் சொல்வார்கள். வாளியை யார் கவிழ்ப்பது என்று டைரக்டர் கேட்டனுப்பினார். அவங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் வருவாங்களா என்றும் கேட்டிருந்தார். தெரியவில்லை என்று சொன்னேன்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் ஊரிலிருந்து சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு பஸ் புறப்படுகிறது. சும்மாதான் விசாரித்தேன். அது இங்கே விடியற்காலை ஐந்தேகாலுக்கு வந்து சேரும். ஸ்டாண்டில் அந்த நேரத்துக்குக் கடை எதுவும் திறந்திருக்காது, ஆனால் விளக்கு எரியும். இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் ரப்பர் பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் எழுந்து வந்து பேச மாட்டாள். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.